மெடிக்கல் கார்டை நிறுத்துவதற்கு முன்னால் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்

13,640 வெள்ளி, மலேசிய ரிங்கிட். 2025 ஏப்ரலில் என் வீட்டுக்காரருக்குக் கிட்னிக் கல் இறங்கிக் குழாயை அடைத்துக்கொண்டபோது நாங்கள் கையிலிருந்து கட்டியது. எனக்கு இன்றுவரை வயிறு எரிவது அந்தத் தொகையால் மட்டும் இல்லை. அதற்கு முன் 11 வருடம் இன்சூரன்ஸ் கட்டியவர்கள் நாங்கள். மெடிக்கல் கார்டு, அதாவது ஆஸ்பத்திரி பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே கட்டும் கார்டு, செத்துப்போய் நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதத்துக்குள்தான் அந்தக் கல்லுக்கும் நேரம் வந்தது.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். நான் பாலர் பள்ளி ஆசிரியை, சம்பளம் 1,900. அவர் பக்கத்தில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் 14 வருடம் வேலை செய்தார். 2023இல் ஆட்குறைப்பு செய்தார்கள், அதில் இவரும் போனார். கையில் கிடைத்த பணத்தில் பழைய வேன் ஒன்றை வாங்கி ஏர்கோன் சர்வீஸ் செய்ய ஆரம்பித்தார். வெயில் மாதத்தில் 3,500கூட வரும், மழை பிடித்துக்கொண்டால் 2,000 வருவதே பெரிய பாடு. மகளுக்கு 15 வயது, மகனுக்கு 9, மாமியாருக்கு 69. வேலையில் இருந்தவரை கம்பெனி கார்டு எங்கள் நாலு பேரையும் பார்த்துக்கொண்டது, அதனால் சொந்தக் கார்டை நாங்கள் பெரிதாக நினைத்ததே இல்லை. கம்பெனி கார்டு, வேலையின் கடைசி நாளோடு போய்விடும். சம்பளம் நிற்பதைப் பற்றி மட்டும் யோசித்தோமே தவிர, அந்தக் கார்டு போனதை நாங்கள் ஒரு இழப்பாக எண்ணவே இல்லை. கம்பெனி கொடுக்கிறதே என்று சொந்தக் கார்டு எடுக்காமல் இருப்பவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

சொந்தக் கார்டு 2013இல் எடுத்தது. ஏஜெண்ட் வேறு யாருமில்லை, என் சித்தி மகள்தான். முதலீட்டோடு சேர்ந்த பாலிசி, அதில் மெடிக்கல் கார்டும் ஒட்டி வரும். பிள்ளைகளைப் பிறகு சேர்த்தோம். அவருக்கு மாதம் 260, எனக்கு 220, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 110, ஆக 700 வெள்ளி. கஷ்டம்தான், ஆனாலும் கட்டினோம்.

2024 ஆகஸ்டில் கடிதம் வந்தது. நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம். மூன்றாவது பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் விஷயத்தை வைத்திருந்தார்கள். அவருக்கு 390, எனக்கு 310, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 145, மொத்தம் 990. ஒரே அடியில் மாதம் 290 வெள்ளி கூடுதல். சித்தி மகளுக்குப் போன் அடித்தேன். அவள் இப்போது வீடு விற்கும் வேலைக்கு மாறிவிட்டாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. "எல்லாருக்கும்தான்டி ஏறுது, என்ன பண்றது, ஆஸ்பத்திரிக்காரன் பில் ஏத்துறான்" என்றாள். அவள் சொன்னது பொய் இல்லை. 2021இலிருந்து 2023க்குள் மருத்துவக் கிளெய்ம் செலவு மொத்தமாக 56 விழுக்காடு ஏறியதாக நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே பிறகு சொன்னது. ஆனால் அந்தக் கணக்கு என் சம்பளத்தை ஏற்றிவிடவில்லையே.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்பதைவிட சண்டை போட்டோம் என்பது சரி. "பிள்ளைங்களோடதை வெச்சுக்கலாம், நம்ம ரெண்டு பேரோடதையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தலாம்" என்று சொன்னது நான். அவருக்கு மனசில்லை. "இல்லங்க, நாம நல்லாத்தானே இருக்கோம்" என்று வாயை அடைத்தது நான். செப்டம்பரில் ஆட்டோ டெபிட்டை நிறுத்தினேன். இந்த மாதிரி பாலிசியில் பணம் கட்டாவிட்டால் உடனே சாகாது, உள்ளே சேர்ந்திருக்கும் நிதியிலிருந்து மாதா மாதம் கழித்துக்கொள்வார்கள், அது தீர்ந்தால்தான் பாலிசி காலாவதியாகும். எங்களுக்கு ஒரு வருடமாவது ஓடும் என்று நானே கணக்குப் போட்டேன். 2020இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது பல மாதம் கட்டாமல் விட்டதையும், அப்போதே அந்த நிதியைப் பாதி தின்றுவிட்டதையும் நான் மறந்துவிட்டேன். டிசம்பர் ஆரம்பத்தில் இரண்டு பாலிசியும் காலாவதி. எஸ்.எம்.எஸ். வந்தது. இனிமேல் கடன்காரன் மாதிரி யாரும் போன் அடிக்கமாட்டார்கள் என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, உண்மையைச் சொல்வதென்றால்.

அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இருந்தன. இதே பாலிசியில் ஆஸ்பத்திரி அறை வாடகை வரம்பு குறைவான திட்டத்துக்கு இறங்கலாமா? பில்லில் ஒரு பங்கை நானே கட்டுகிறேன் என்றால் மாதக் கட்டணம் எவ்வளவு குறையும்? உள்ளே நிதி எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும்? இந்த மூன்றையும் ஏஜெண்டிடம் கேட்காதீர்கள், கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும். பங்கு கட்டும் முறையை, அதாவது கோ-பேமெண்ட் உள்ள திட்டத்தை, 2024 செப்டம்பரிலிருந்து கம்பெனிகள் கட்டாயம் விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாது. கட்டு, இல்லாவிட்டால் விடு, இந்த இரண்டு வழிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று. 2024 டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா ஒரு அறிவிப்பு செய்தது. ஏற்றத்தை ஒரே வருடத்தில் போடக்கூடாது, குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிரித்துத்தான் போட வேண்டும், பாலிசிதாரர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினருக்கு வருடத்துக்கு 10 விழுக்காட்டுக்கும் கீழேதான் ஏறும் என்று. 60 வயதோ அதற்கு மேலோ ஆகி, இருப்பதிலேயே சின்ன திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் ஏற்றமே கிடையாது. அப்புறம், இந்த ஏற்றத்தால் 2024இல் பாலிசியை விட்டவர்கள் திரும்பிவரலாம், புதிதாக உடம்புக் கேள்வி எதுவும் கேட்கக்கூடாது. இந்த ஏற்பாடு 2026 கடைசி வரைக்கும். எங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது இல்லையா? நான் அப்போது நாத்தனார் மகள் கல்யாண வேலையில் இருந்தேன். கம்பெனி அனுப்பிய மின்னஞ்சல் 2013இல் பாரத்தில் எழுதிக் கொடுத்த பழைய யாஹூ முகவரிக்குப் போயிருக்கிறது, அதற்கு இரகசிய எண்ணே எனக்கு ஞாபகமில்லை. இதைப் படித்து முடித்ததும் உங்கள் பாலிசியில் எந்தப் போன் நம்பர், எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஜனவரியில் கோப்பிக்கடையில் ஒரு தம்பி அறிமுகமானார், வேறொரு கம்பெனி ஏஜெண்ட். வயது முப்பதுகூட இருக்காது, நல்ல பேச்சு. முதலீடு எதுவும் ஒட்டாத தனிக் கார்டு, என் வீட்டுக்காரருக்கு 165, எனக்கு 140. 305 வெள்ளியில் இரண்டு பேருக்கும் கார்டு என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாரம் நிரப்பும்போது இரத்த அழுத்தம் இருக்கிறதா என்ற கேள்வி வந்தது. அவருக்கு 2022இல் கம்பெனிப் பரிசோதனையில் பிரஷர் இருப்பது தெரிந்து மாத்திரை சாப்பிடுகிறார். "அக்கா, இதைப் போட்டா லேட்டாகும், சின்ன டோஸ்தானே, இல்லைன்னு டிக் பண்ணிடுங்க" என்றார் தம்பி. ஒளிக்காமல் சொல்கிறேன், நான் பேனாவை எடுத்தும்விட்டேன். இவர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். "மாத்திரைச் சீட்டு கிளினிக்ல இருக்கு, நாளைக்கு அவன் எடுத்துக் காட்டுனா என்னம்மா செய்வே?" அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் தப்பித்தோம். உண்மையை எழுதியதற்குக் கூலி, பிரஷரும் இருதயம் சம்பந்தப்பட்ட எதுவும் புதுக் கார்டில் சேராது என்று பதில் வந்தது. பழைய கார்டு எடுத்தபோது அவருக்குப் பிரஷரே கிடையாது, அதனால் அதில் எல்லாம் சேரும். கார்டுக்கு வயசு ஏற ஏறத்தான் அது விலைமதிப்பாகிறது என்பது எனக்கு அப்போது லேசாக உறைத்தது. லேசாகத்தான். மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் அதைத் தள்ளி வைத்துவிட்டேன்.

தம்பி சொல்லாமல் விட்டது, நானும் கேட்காமல் விட்டது இன்னொன்று உண்டு. புதுக் கார்டு எடுத்தால் விபத்தைத் தவிர எதற்கும் முதல் 30 நாள் கிளெய்ம் கிடையாது. சில நோய்களுக்கு 120 நாள். அந்தப் பட்டியல் நீளம்: பிரஷர், சர்க்கரை, இருதயம், கட்டிகள், புற்றுநோய், மூலம், குடலிறக்கம், காது மூக்கு தொண்டை, கர்ப்பப்பை சம்பந்தப்பட்டது, முதுகு, முட்டி, அப்புறம் சிறுநீர்ப் பாதையிலும் பித்தப்பையிலும் வரும் கல். நாற்பது தாண்டியவர்களுக்கு வேறு என்னதான் வரப்போகிறது சொல்லுங்கள். எங்கள் கார்டு ஜனவரி 20இல் தொடங்கியது.

ஏப்ரல் 24, விடிகாலை 2 மணி. இடுப்பில் கத்தியை விட்டுத் திருப்புகிற மாதிரி வலி என்றார், அடுத்த நிமிடம் குளியலறைத் தரையில் சுருண்டுவிட்டார். ஏணியில் ஏறி மூன்று மாடி உயரத்தில் கம்ப்ரசர் மாட்டுகிற மனுஷன், குழந்தை மாதிரி அழுதார். மகளை எழுப்பி தம்பியையும் பாட்டியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நானே வேனை ஓட்டிக்கொண்டு பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கமே உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கார்டுதான் இருக்கிறதே! ஊசி போட்டு வலி அடங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள், கல் குழாயில் சிக்கியிருக்கிறது, உள்ளே சென்று லேசரில் உடைத்து, சிறுநீர் வழிய ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். கவுண்டரில் ஐ.சி. என்ற அடையாள அட்டையையும் கார்டையும் வாங்கிக்கொண்டு, இன்சூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதக் கடிதத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். காலை 9 மணி, 10 மணி, 11 மணி. ஆஸ்பத்திரி கேண்டீனில் பசியாறலாம் என்று உட்கார்ந்தவள், ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். 11:40க்குக் கூப்பிட்டார்கள். மறுப்பு. கார்டு தொடங்கி 94 நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் 26 நாள் கழித்து அந்தக் கல் நகர்ந்திருந்தால் அவர்கள் கட்டியிருப்பார்கள். கவுண்டரில் இருந்த பெண் தமிழ்ப்பெண்தான். "அக்கா, டெபாசிட் கட்டிட்டா இன்னிக்கே பண்ணிடலாம்" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் மேல் என்ன தப்பு?

இங்கேதான் நான் இரண்டாவது தப்பு செய்தேன். அவருக்கு வலி அடங்கியிருந்தது, காய்ச்சல் இல்லை. "இப்பவே செஞ்சாகணுமா, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாத்தினா ஆபத்தா?" என்று டாக்டரிடம் நேருக்கு நேர் கேட்டிருக்க வேண்டும். காய்ச்சல், கிருமித் தொற்று, சிறுநீரே வராமல் நிற்பது, இதெல்லாம் இருந்தால் காத்திருக்கவே கூடாது, அது வேறு. எங்களுக்கு அது இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வெட்கம். கார்டு வேலை செய்யவில்லை, காசும் இல்லை என்று சொல்லிக்கொண்டு வெளியே போக வெட்கம். அந்த வெட்கத்துக்குத்தான் 13,640. கிரெடிட் கார்டில் 5,000, அண்ணனிடம் கைமாற்று 4,000, மிச்சம் 4,640க்கு என் கல்யாணச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அவர் இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை, அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவில் ஒரு திட்டம் இருக்கிறது, அதில் அவர் கட்டுகிறார், ஏணியிலிருந்து விழுந்தால் உதவும். கிட்னிக் கல் வேலை விபத்து இல்லையே.

ஸ்டென்ட்டை சில வாரத்தில் எடுத்தாக வேண்டும், அதற்குத் தனியாகச் செலவு என்றார்கள். இந்தத் தடவை வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பரிந்துரைக் கடிதமும் ஸ்கேன் படமும் கேட்டு வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். தனியார் கடிதத்தோடு போனால் நிபுணரைப் பார்க்க முதல் தடவை 30 வெள்ளி, அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 5 வெள்ளி. காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்து மதியம் வரை மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், தேதி கிடைக்க இழுத்தது, ஒரு தடவை தள்ளியும் போட்டார்கள். ஆனால் ஸ்டென்ட் எடுத்துவிட்டு வெளியே வரும்போது மொத்தச் செலவு போக நூறு வெள்ளி நோட்டில் மிச்சம் இருந்தது. பார்த்த டாக்டரம்மா தனியாரில் கிடைத்ததைவிடப் பத்து நிமிடம் அதிகம் பேசினார், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பை எப்படிக் குறைக்க வேண்டும் என்றெல்லாம்.

பழைய கார்டுக்குத் திரும்பலாம் என்ற விஷயம் எனக்கு ஜூன் மாதம்தான் தெரிந்தது. பாலர் பள்ளியில் ஒரு பிள்ளையின் அப்பா வங்கியில் வேலை செய்பவர், பேச்சுவாக்கில் சொன்னார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாளே பேங்க் நெகாராவின் 1-300-88-5465க்குப் போன் அடித்து உறுதி செய்துகொண்டேன், தமிழில் இல்லை, என் அரைகுறை மலாயில்தான், பொறுமையாக விளக்கினார்கள். பிறகு பழைய கம்பெனிக்கு எழுதினேன். கட்டண ஏற்றத்தால்தான் நிறுத்தினோம், டிசம்பரில் காலாவதியானது, பேங்க் நெகாரா அறிவிப்பின்படி மீட்டுத் தரவும் என்று நாலே வரி, கூடவே ஆகஸ்ட் கடிதத்தின் நகல். முதல் பதில், முடியாது, புதிதாக விண்ணப்பியுங்கள் என்று. அதைப் படித்து அழுதுவிட்டு, புகார்ப் பிரிவுக்கு அதே கடிதத்தை மறுபடி அனுப்பினேன், டிசம்பர் 20 அறிவிப்பையும் இணைத்து. மூன்று வாரத்தில் சரி என்றார்கள். முதலில் பதில் எழுதியவருக்கு அந்த ஏற்பாடு தெரியவில்லையா, தெரிந்தே தட்டிக் கழித்தாரா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கம்பெனியின் கடைசிப் பதிலும் சரிவராவிட்டால் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது, எஃப்.எம்.ஓ.எஸ். என்று சொல்கிறார்கள், 2025 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது. 250,000 வெள்ளி வரைக்கும் உள்ள வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள், நமக்குச் செலவில்லை. கம்பெனியின் கடைசிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அதனால் அந்தக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். நான் கிழிக்கப் போனேன்.

பாக்கிக் கட்டணத்தைக் கட்டினோம், பாலிசிகள் இரண்டும் திரும்ப உயிர்பெற்றன. கல்லுக்கான பில்லை மட்டும் அவர்கள் தொடவில்லை, காலாவதியாக இருந்த நாளில் நடந்ததற்குப் பொறுப்பில்லை என்றார்கள், அதோடு நானும் விட்டுவிட்டேன். புதுக் கார்டுக்கு அதுவரை கட்டிய பணமும் போச்சு. பழையது எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் புதியதை நிறுத்தினேன், அந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். இப்போது அவருக்கு 284, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 120. எனக்கு அறை வாடகை குறைந்த திட்டத்துக்கு இறங்கி, பில்லில் 10 விழுக்காட்டை நானே கட்டுவதாக ஒத்துக்கொண்டேன், 190. மொத்தம் 714. அந்த 10 விழுக்காட்டுக்கு உச்சவரம்பு 1,000 வெள்ளி என்று எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட்டேன், உச்சவரம்பு இல்லாத திட்டத்தைத் தொடவே வேண்டாம். அந்த ஆயிரத்தைத் தனியாக ஒரு கணக்கில் சேர்க்கிறேன், மாதம் ஐம்பது, இதுவரை 250 ஆகியிருக்கிறது. கட்டிய ரசீதையெல்லாம் வருமான வரிக்கு வையுங்கள், மருத்துவ, கல்வி இன்சூரன்ஸுக்கான விலக்கு 2025 வரி ஆண்டிலிருந்து 3,000இலிருந்து 4,000 ஆகியிருக்கிறது. என் சம்பளத்துக்கு அதனால் பெரிய லாபம் இல்லை, உங்களுக்கு இருக்கலாம்.

மாமியாருக்குக் கார்டு இல்லை, இனி எடுக்கவும் முடியாது. இந்த வயதில் கேட்கும் கட்டணத்தில் இன்னொரு வேன் வாங்கலாம். அவருக்கு அரசாங்க உதவித்தொகை வருவதால் குறைந்த வருமானக்காரர்களுக்கான பெகா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனைக்குத் தகுதி உண்டு, 40 வயது ஆகியிருந்தால் போதும். இந்த விவரத்தைக்கூட அரசாங்க ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிதான் சொன்னார். கூட்டிக்கொண்டு போனேன், சர்க்கரை இருப்பது தெரிந்தது, இப்போது அரசாங்க கிளினிக்கில் மாத்திரை வாங்குகிறார், இன்னமும் தேத்தண்ணிக்குச் சீனி போடச் சொல்லிப் பேத்தியை மிரட்டுகிறார்.

சங்கிலி இன்னும் திரும்பவில்லை. அக்டோபரில் வட்டி கட்டிச் சீட்டைப் புதுப்பித்தேன், அடுத்த தவணை ஏப்ரலில். அண்ணனுக்கு 1,500 கொடுத்தாயிற்று. போன வாரம் எதிர்வீட்டு அக்கா கையில் ஒரு கவரோடு வந்து, "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சு சொல்றீங்களா" என்றார். பிரிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. நாலு பக்கம், ஆங்கிலம். நேராக மூன்றாவது பக்கத்தைத் திருப்பினேன்.